முழங்காலுக்கு ஒரு டிக்கெட்

அம்பாளைத் தியானம் செய்தவர்கள் இந்த நாட்டில் எத்தனையோ பேர் இருக்கலாம். மலை ஏறிச் செய்தவர்கள், ஒற்றைக் காலில் நின்று செய்தவர்கள், கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கிச் செய்து ஜலதோஷம் பிடித்துக்கொண்டவர்கள் எல்லோரும் உண்டு. ஆனால் அம்பாளின் பாதத்திலிருந்து கிரீடம் வரை பஸ் ஓட்டிக்கொண்டு போனவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் 'தியானம்' டிரைவர். அதே மாதிரி, அம்பாளின் முழங்காலில் இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டு அவசரமாக மறுபடி ஏறிக்கொண்ட பாக்கியசாலிகளும் மூன்று உலகத்திலும் நாங்கள் மட்டும்தான்.

அப்போது யுத்த காலம். பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. எங்கள் பஸ் கரியில் ஓடியது. ஓடியது என்று ஒரு மரியாதைக்காகத்தான் சொல்கிறேன். வண்டியின் முதுகில் ஒரு பெரிய இரும்பு உருளை இருக்கும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, நெருப்பு வைத்து, பக்கத்திலிருக்கும் விசிறிச் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இருந்தால் வெகு நேரத்துக்குப் பிறகு வண்டிக்கு மூச்சு வரும். மேடு வந்தால் மூச்சு போய்விடும். உடனே ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். மேடு கொஞ்சம் பெரியதானால் பெண்களும் இறங்குவோம். இன்னும் பெரியதானால் வண்டி எங்களைத் தள்ளும், பின்பக்கமாக.

நான் திருச்சியில் நர்ஸ் படிப்பையும் பிரசவப் பயிற்சியையும் முடித்துவிட்டு மீமிசலில் ஒரு சின்னப் பிரசவ விடுதியில் சேர்ந்திருந்தேன். வீடு புதுக்கோட்டை. வாரத்துக்கு ஒரு தரம் வீட்டுக்கு வந்து, மறுநாள் காலை இந்த பஸ்ஸில் திரும்புவேன். என் பையில் எப்போதும் நான்கு பொருள்கள் இருக்கும்: தெர்மாமீட்டர், டிங்சர் பாட்டில், எலுமிச்சம்பழம், மாற்றுப் புடவை. முதல் இரண்டும் ஊருக்கு. எலுமிச்சம்பழம் என் வயிற்றுக்கு. மாற்றுப் புடவை கரிக்கு.

முதல் நாள் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் சோலை வந்து, "எங்கம்மா போகணும்?" என்றார்.

"மீமிசல்."

"கிரீடத்துக்கு ஒண்ணு!" என்று கத்திவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

அது ஏதோ நான் கேள்விப்படாத குக்கிராமம் என்று நினைத்து, "எனக்கு மீமிசல் போகணும்" என்று மறுபடி நிதானமாகச் சொன்னேன். அதற்குள் முன் பெஞ்சிலிருந்து ஒருவர், "எனக்கு மொழங்காலு, வீட்டுல உள்ளவகளுக்கு ஒட்டியாணம், அவுக அம்மா வீட்டுக்குப் போறாக" என்றார். பின்னாலிருந்து இன்னொருவர், "நான் கொலுசுல எறங்கிக்கிறேன், வண்டிய நல்லா நிறுத்துங்கப்பா, போன தடவ கெண்டக்காலுக்குக் கொண்டுபோயிட்டீக" என்றார்.

மனித உடம்பின் எலும்பு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பரீட்சையில் தேறியவள் நான். ஆனாலும் தலை சுற்றியது. எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்ந்தேன்.

பக்கத்தில் ஒரு காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். புதுக்கோட்டையில் கருவாடு விற்றுவிட்டு மீமிசலுக்குத் திரும்புகிறவர். எல்லோருக்கும் அவர் கருவாட்டு ஆத்தா. கூடையில் கருவாடு இருக்காது. வாசனை மட்டும் ஊர் போய்ச் சேரும்வரை குறையாமல் இருக்கும். அவர்தான் எனக்கு விளக்கினார்.

"என்ன நர்சம்மா முழிக்கிறீக? இந்த ரோடே அம்பாளு. திருக்கோர்ணம் பாதம். திருவரங்குளம் கொலுசு. ஆலங்குடி மொழங்காலு. கீரமங்கலம் ஒட்டியாணம். அறந்தாங்கி மால. ஆவுடையார்கோயிலு மொகம். நம்ம மீமிசலுதான் கிரீடம். இந்த ரோட்டுல சேராத மணமேல்குடிக்காரன் எங்கிட்டு எட்டிப் பாத்தாலும் அவனுக்கு எடம் கெடையாது!"

"அப்படியானா அம்பாள் படுத்துக்கொண்டா இருக்கிறாள்?" என்று கேட்டேன்.

டிரைவர் காதில் விழுந்துவிட்டது. திரும்பினார். கனத்த உருவம், காக்கிச் சட்டை, நெற்றி நிறையக் குங்குமம், இரண்டு பக்கமும் முறுக்கி ஏற்றிய மீசை.

"அவ நின்னுக்கிட்டுத்தான் இருக்கா, நர்சம்மா. ரோடுதான் படுத்துருக்கு" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அதோடு அந்த விஷயம் முடிந்துவிட்டது.

அவருடைய சொந்தப் பெயர் முதலாளிக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் தியானம். 'தியானம் வந்தாச்சா?' 'தியானம் இன்னைக்கி லேட்டு.' 'தியானம் மேட்டுல நிக்கிது, தள்ள ஆளு வேணுமாம்.' இப்படித்தான் பேசுவோம்.

அவர் மந்திரம் எதுவென்று யாருக்கும் தெரியாது. உபதேசம் பெற்ற மந்திரத்தை வெளியே சொல்லக்கூடாது என்பதால் வாயைத் திறக்காமலே ஜபிப்பார். மீசை மட்டும் ஆடும். வழக்கமாக வருகிறவர்கள் அந்த மீசையைப் பார்த்தே அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்வார்கள். மெதுவாக ஆடினால் வண்டி சீராகப் போகிறது. வேகமாக ஆடினால் மேடு வருகிறது. சட்டென்று நின்றால் ஊர் வருகிறது, முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கம்பியைப் பிடிக்காத புதியவர்கள் முன் பெஞ்சுக்காரர் மடியில் போய் விழுவார்கள். அப்படி ஒரு கல்யாணமே நிச்சயமானதாக ஆத்தா சொல்வார். நான் நம்புவதில்லை.

இந்தத் தியானம் அவருக்கு எப்படி வந்தது என்பதை அவரே ஒருநாள் ஆலங்குடியில், அதாவது முழங்காலில், இட்லி சாப்பிட்டபடி சொன்னார். முன்பு அவர் நார்த்தாமலையில் கல் ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தாராம். ஒருநாள் வழியில் ஒரு சாமியார் கையைக் காட்டி ஏறிக்கொண்டார். கல்லின்மேல் உட்கார்ந்து வந்ததில் சாமியாருக்கு என்ன தோன்றியதோ, இறங்கியதும் இவருக்கு மந்திரம் கொடுத்துவிட்டார்.

"மந்திரத்த மட்டும் மொணமொணன்னு சொன்னாப் பத்தாதுடா, உரு மனசுல நிக்கணும்னாரு. பாதத்துல ஆரம்பி. ஒவ்வொரு எடமா நில்லு. நல்லாப் பாரு. அப்பறம் மேல போன்னாரு. பாதம் சொன்னாரு, கொலுசு சொன்னாரு, மொழங்காலு, ஒட்டியாணம், மால எல்லாம் சொன்னாரு. கழுத்து வரைக்கும் வந்தாச்சு. கொட்டாவி விட்டாரு. 'மொகத்த நாளைக்கிச் சொல்றேன்'னு படுத்துட்டாரு."

"அப்புறம்?"

"விடிஞ்சு பாத்தா ஆளக் காணோம். என் போர்வையையும் காணோம்."

கொஞ்ச நாளில் லாரி வேலை போய் இந்த பஸ் வேலை வந்தது. வண்டி ஷெட் திருக்கோகர்ணத்தில், பிரகதாம்பாள் கோயிலுக்குப் பக்கத்தில். முதல் நாள் வண்டியை எடுத்தவர், நிற்க வேண்டிய ஊர்களை எண்ணிப் பார்த்தார். குரு சொல்லாமல் விட்ட முகத்தையும் கிரீடத்தையும் சேர்த்து, தியானத்தில் நிற்க வேண்டிய இடங்களையும் எண்ணிப் பார்த்தார். இரண்டும் ஒன்றாக இருந்தன. 'ஒவ்வொரு எடமா நில்லு, நல்லாப் பாரு, அப்பறம் மேல போ' என்று குரு சொன்னது பஸ் ஓட்டத்தான் என்று அவருக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டதாம்.

இதை ஆட்சேபித்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆலங்குடிக் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா ஒருவர் இருந்தார். தம் ஊருக்கு முழங்கால் கிடைத்ததில் அவருக்கு மகா கோபம்.

"ஏம்ப்பா, எங்க ஊரு தாலுகா! தாசில்தாரு கச்சேரி இருக்கு, கோர்ட்டு இருக்கு. அத மொழங்காலுங்கிற. வெத்தலக் கொடிக்கால்ல இருக்குற கீரமங்கலத்துக்குத் தங்க ஒட்டியாணமா?"

தியானம் வண்டியை நிறுத்தாமலே பதில் சொன்னார். "மொழங்காலு மடங்குனாத்தானய்யா அவ உக்காருவா? உக்காந்தாத்தான மடி? மடி இருந்தாத்தான நீங்களும் நானும் போயி விழுகலாம்?"

குமாஸ்தா அன்று இறங்கும்போது, "முழங்கால் வந்துவிட்டது, எல்லோரும் வழி விடுங்கள்" என்று கோர்ட்டுத் தமிழில் கம்பீரமாகச் சொல்லிக்கொண்டு இறங்கினார்.

திருவரங்குளத்தில் ஒரு குருக்கள் கேட்ட கேள்வி இன்னும் கடுமையானது. "ரோடு அம்பாள்னா, நீ டயரால அவ மேலயே ஏத்திண்டு போறியே, அது அபசாரம் இல்லையா?"

"சாமி, இந்தக் கரி வண்டி போற வேகத்துக்கு எறும்பு ஊர்ற மாதிரிதான் அவளுக்குத் தெரியும். பெத்தவ மேல புள்ள ஏறி வெளையாண்டா கோவிச்சுக்குவாளா?"

குருக்கள் விபூதி கொடுத்துவிட்டார். டயருக்கும் சேர்த்து.

என் ஆட்சேபணை வேறு வகை. கீரமங்கலத்துக்கும் அறந்தாங்கிக்கும் உள்ள தூரத்தையும், அறந்தாங்கிக்கும் ஆவுடையார்கோயிலுக்கும் உள்ள தூரத்தையும் பார்த்தால், உடற்கூறு சாஸ்திரப்படி அம்பாளின் கழுத்து மிகவும் நீளமாகிறது. இதை நான் ஒரு தாளில் படம் போட்டு அளவோடு காட்டினேன். தியானம் அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"நீங்க சொல்றது செத்த ஒடம்புக்கு அளவு, நர்சம்மா" என்றார். படத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். ஆத்தா இரண்டு ஊர் தாண்டும்வரை சிரித்தார்.

திரும்பி வரும்போது என்ன செய்வார் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? நானும் கேட்டேன். தெய்வத்தைப் பாதத்திலிருந்துதான் வர்ணிக்க வேண்டும். திரும்பும் வண்டியோ கிரீடத்திலிருந்து கீழே வருகிறது. அதற்கும் பதில் வைத்திருந்தார். "வரும்போது நம்ம பாக்குறது இல்ல. அவ நம்மள வழியனுப்புறா. வழியனுப்புறவுகளத் திரும்பித் திரும்பிப் பாத்தா வண்டி ஓட்ட முடியுமா?"

இவ்வளவு கெட்டிக்காரருக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. முகம் வரவில்லை.

அறந்தாங்கி வரை எல்லாம் சரியாக வரும். கண்ணைத் திறந்துகொண்டே பாதத்தைப் பார்ப்பார், கொலுசைப் பார்ப்பார், ஒட்டியாணத்தில் எந்தக் கல் எந்த இடத்தில் என்றுகூடச் சொல்வார். அறந்தாங்கியில் மாலை, அதைத் தாண்டினால் கழுத்து. ஆவுடையார்கோயிலில் வண்டி நிற்கும்போது கழுத்துக்கு மேல் வெறும் ஆகாயம். அந்தக் கோயிலில் கருவறைக்குள் உருவமே கிடையாது என்பது ஊரறிந்த விஷயம். "சாமியே இங்க உரு இல்லாம உக்காந்துருக்கு, எனக்கு மட்டும் உரு வந்துருமா?" என்பார். ஆனால் ஒவ்வொரு நாளும் எதிர்பார்ப்பார். அங்கே வண்டி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். நாங்கள் யாரும் அவசரப்படுத்த மாட்டோம்.

முகமே வராமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. சில நாள் தப்பான முகம் வந்துவிடும். ஒருநாள் வண்டியைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டரின் முகம் வந்து லைசென்ஸ் கேட்டது. இன்னொரு நாள் அவருடைய மாமியார் முகம் வந்துவிட்டது. அன்று வண்டி ரோட்டைவிட்டு இறங்கிக் கண்மாய்க்குள் முழங்கால் அளவு போய் நின்றது. இந்த முழங்கால் ஆலங்குடி அல்ல, நிஜ முழங்கால்.

நான் எனக்குத் தெரிந்த முறையில் உதவப் பார்த்தேன். முகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து வரிசையாக எழுதிக் கொடுத்தேன்: நெற்றி, புருவம், கண், மூக்கு, மூக்குத்தி, காது, தோடு, உதடு, மோவாய். "ஒவ்வொன்றாக முயன்று பாருங்கள். கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்" என்றேன்.

மறுவாரம் பார்த்தபோது முகம் வாடியிருந்தது.

"என்ன ஆச்சு?"

"மூக்குத்தி வந்துச்சு நர்சம்மா. நல்லா வைரமா வந்துச்சு. ஆனா அது தனியா அந்தரத்துல நிக்கிது. பாக்கவே பயமா இருக்கு."

இப்படி நாங்கள் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் கீரமங்கலத்தில் வண்டி படுத்துவிட்டது. என்ன செய்தும் மூச்சு வரவில்லை. சோலை, புதுக்கோட்டை போகிற ஒரு சைக்கிள்காரரைப் பிடித்து முதலாளிக்குச் சொல்லி அனுப்பினார். பதற்றத்தில் பழக்கமான பேச்சுத்தான் வந்தது: "ஒட்டியாணத்துல வண்டி மாட்டிக்கிச்சு, நகட்ட முடியல, உடனே ஆளு அனுப்புங்க!"

முதலாளி திருமயம் பக்கத்துக்காரர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் துண்டு, எதிலும் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. பெரிய இடத்துப் பெண் யாரோ ஒட்டியாணத்தோடு வண்டியில் சிக்கிக்கொண்டாள் என்று அவர் நினைத்துவிட்டார். வெயில் சாய்கிற நேரத்துக்கு ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. மெக்கானிக் வருவார் என்று பார்த்தால், நகைப் பத்தர் ஒருவர் கையில் குட்டி அரத்தோடு இறங்கினார். பின்னாலேயே சமாதானம் பேச ஒரு வக்கீல்.

"எங்க அந்தப் பொண்ணு?" என்றார் பத்தர்.

"எந்தப் பொண்ணு?" என்றார் சோலை.

"ஒட்டியாணம்?"

"இதுதாங்க ஒட்டியாணம். நீங்க நிக்கிறீகள்ல, இதேதான்."

பத்தர் தம் காலுக்குக் கீழே பார்த்தார். வக்கீலும் பார்த்தார். இரண்டு பேரும் மறுபடி குதிரை வண்டியில் ஏறிக்கொண்டார்கள்.

விஷயம் முழுவதும் முதலாளிக்குத் தெரிந்துபோயிற்று. தியானத்தைக் கூப்பிட்டு, "வண்டிய ஓட்டுறது நீயா, அம்பாளா?" என்று கேட்டார். தியானம் உண்மையைத் தவிர வேறு பேசத் தெரியாதவர். "ரெண்டு பேருந்தாங்க" என்றார்.

உத்தரவு வந்துவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து அவர் திருச்சி லைனுக்குப் போக வேண்டும். வேறு எந்த டிரைவராக இருந்தாலும் சந்தோஷத்தில் சாமிக்கு மொட்டை போட்டிருப்பார். நல்ல ரோடு, புது வண்டி, சம்பளமும் கூட. தியானம் மட்டும் ஷெட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ரோட்டுல அவ இல்லீங்களே மொதலாளி. கழுத்து வரைக்கும் கொண்டாந்துட்டேன். மொகத்தப் பாக்காம எப்புடி எறங்குறது? ஒரே ஒரு தடவ நீங்க கூட வந்து பாருங்க. ஓட்டுறது தப்புன்னா நானே சாவியக் குடுத்துட்டுப் போயிடறேன்."

முதலாளி ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை: வழியில் ஒருவரும் கை கால் பெயரெல்லாம் சொல்லக்கூடாது. தியானமும் மீசையை ஆட்டக்கூடாது.

அன்று காலை முதலாளி முன் பெஞ்சில் ஏறி உட்கார்ந்தார். நாங்கள் இருபக்கமும் பரீட்சை எழுத வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தோம். சோலை எல்லோரிடமும் முன்னதாகவே, ஊர்ப் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லி வைத்திருந்தார். ஆனால் ஒரு சங்கடம். எங்களில் பலருக்கு ஊர்ப் பெயர் மறந்துபோயிருந்தது.

"எங்கய்யா போகணும்?" என்றார் சோலை முதல் ஆளிடம்.

"ஒ… ஒ… அதாம்ப்பா, தங்கமா இருக்குமே, அந்த ஊரு."

முதலாளி திரும்பிப் பார்த்தார். சோலை வேர்த்துப்போய் ஆத்தாவிடம் வந்தார்.

"ஆத்தா, எங்க?"

ஆத்தா கூரையைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். "கடலு இருக்குமே, அந்த ஊரு" என்றார்.

"ஏம்மா, ஒனக்குச் சொந்த ஊரு பேரு தெரியாதா?" என்றார் முதலாளி.

"ஏன் தெரியாது? நல்லாத் தெரியும். மொதலாளி எறங்குற வரைக்கும் சொல்லப்படாதுன்னு கண்டக்டரு சத்தியம் வாங்கியிருக்காரு."

நான் உள்ளதைச் சொல்கிறேன், என் முறை வந்தபோது நானும் ஒரு கணம் தடுமாறினேன்.

அதைவிடப் பெரிய கஷ்டம், வண்டி ஓடவில்லை. மந்திரம் இல்லாமல் தியானத்துக்கு எப்போது கியர் மாற்றுவது, எங்கே பிரேக் போடுவது என்று ஒன்றும் தெரியவில்லை. வண்டி விக்கியது. குதித்தது. திருவரங்குளத்தில் நிற்காமல் போயிற்று. நிற்க வேண்டாத வெட்டவெளியில் நின்று, இரண்டு ஆடுகளுக்கு வழி விட்டது. ஒவ்வொரு குதிப்புக்கும் முதலாளியின் தலை கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. தியானம் உதட்டைக் கடித்துக்கொண்டு, மீசையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஓட்டினார். அவர் கண்ணில் நீர் வந்திருந்ததை நான் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன்.

ஆத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "இந்தாப்பா மொதலாளி! மனுசன் மூச்ச அடச்சுட்டு ஓடச் சொன்னா எப்புடி ஓடுவான்? நீ அவன் வாயத்தான அடச்ச, என் வாய அடைக்கலயே!" என்று எழுந்து நின்றார். நின்று, பெரிய குரலில், "கொலுசு போச்சுடா தியானம்! அடுத்தது மொழங்காலு! மொழங்காலப் பாருடா!" என்றார்.

மீசை ஒரு தடவை துடித்தது. வண்டி ஒரு தடவை மூச்சு விட்டது.

பின் பெஞ்சு பிடித்துக்கொண்டது. நடுப் பெஞ்சு சேர்ந்துகொண்டது. 'மொழங்காலு! மொழங்காலு!' என்று வண்டியே ஒரு பஜனை மடமாகிவிட்டது. தியானம் மீசையிலிருந்து கையை எடுத்தார். வண்டி எண்ணெய் போட்ட மாதிரி ஆலங்குடியில் போய், இட்லிக் கடை வாசலில் அளவெடுத்தாற்போல நின்றது.

 கீரமங்கலத்தில் முதலாளி, "ஒட்டியாணம் வந்துருச்சா?" என்று யாரிடமோ மெதுவாகக் கேட்டார். அறந்தாங்கியில் அவருக்கு வேலை இருந்தது, அங்கே இறங்குவதாகத்தான் ஏற்பாடு. சோலை கதவைத் திறந்துவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார். முதலாளி எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு மொகத்தப் பாக்காம எறங்குனா நல்லாவா இருக்கும்? எடு வண்டிய" என்றார்.

ஆவுடையார்கோயிலுக்குச் சற்று முன்னால் ஒரு கண்மாய்க்கரை மேடு உண்டு. அங்கே வண்டி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கினோம். ஆண்கள் தள்ளினார்கள், நாங்களும் தள்ளினோம். விசிறிச் சக்கரத்தைச் சுற்ற ஆளில்லை. சோலை முதலாளியைப் பார்த்தார். முதலாளி தம் வேட்டியைப் பார்த்தார். பிறகு அதை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தார்.

பழக்கமில்லாத கை. ஆவேசமாகச் சுற்றிவிட்டார். உருளைக்குள்ளிருந்து குபீரென்று ஒரு கரிமேகம் கிளம்பி எங்கள் எல்லோர் மேலும் படிந்தது. வண்டி திடீரென்று உயிர் பெற்று மேட்டில் ஏறி ஓடியது. தள்ளிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். எழுந்து பார்த்தால் யார் யாரென்று தெரியவில்லை, எல்லாம் ஒரே கறுப்பு. பல்லை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். முதலாளியைக் கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. முதலில் ஆத்தாதான் சிரித்தார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. வண்டியின் பின்னால் சிரித்துக்கொண்டே ஓடினோம்.

தியானம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தார். வண்டி நின்றது.

இறங்கி வந்தார். எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். மீசை அசையவில்லை.

"வந்துருச்சு" என்றார்.

"எதுண்ணே?" என்றார் சோலை.

"மொகம்."

சிரிப்பு சட்டென்று நின்றது. 

"எப்புடிண்ணே இருந்துச்சு?"

"சிரிச்சுச்சு."

"செவப்பாவா? மஞ்சளாவா?"

"கரியா இருந்துச்சுடா" என்று சொல்லிவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துண்டிலும் கரி.

அது யாருடைய முகம் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. ஆத்தாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. "அவன் நேரா என்னையத்தான் பாத்தான்" என்று மீமிசல் வரை சொல்லிக்கொண்டு வந்தார். முதலாளியும் மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சக்கரத்தச் சுத்துனது நான்ல?" என்றார்.

தியானம் சாவியை எடுத்து முதலாளி முன்னால் நீட்டினார். "மொகம் வந்துருச்சு மொதலாளி. இனிமே எந்த லைனுக்கு வேணும்னாலும் போறேன்."

முதலாளிக்கு வந்ததே கோபம். "நீ போயிடுவ. நான் இன்னும் கிரீடம் பாக்கலயே! ஏறுய்யா, வண்டிய எடு!"

திருச்சி லைனுக்கு வேறு யாரோ போனார்கள்.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. பஸ் பெட்ரோலில் ஓடுகிறது, யாரும் தள்ள வேண்டியதில்லை. எனக்கும் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. தியானம் அதே ரோட்டில்தான் இன்னும் ஓட்டுகிறார் என்றும், ஆவுடையார்கோயிலில் வண்டி இப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கிறது என்றும் கேள்வி.

எனக்குத் தியானம் செய்யத் தெரியாது. வேலை அதிகமான நாட்களில், மனம் அடங்க வேண்டுமே என்று சில சமயம் கண்ணை மூடிப் பார்ப்பதுண்டு. திருக்கோகர்ணத்தில் ஆரம்பித்து ஒழுங்காக ஒவ்வொரு இடமாக நின்று மேலே போகிறேன். பாதம் வருகிறது, கொலுசு வருகிறது, ஒட்டியாணம் வருகிறது, மாலை வருகிறது. முகம் வரவேண்டிய இடத்தில் கரி படிந்த நெற்றியும், குங்குமமும், முறுக்கிவிட்ட மீசையும்தான் வருகின்றன. இதுவரை அம்பாள் ஆட்சேபித்ததில்லை.